யார் மேல் கேஸ் எழுதுவது?

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்கு வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த வாரமே பெரம்பூரிலிருந்து தகவல் வந்தது. தனியாக இருந்த அம்மா ஒருவர், இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லை, வாடை அடிக்கிறது என்றார்கள்.

கத்திரி வெயில் நேரம். உடம்பு ஊதிப்போயிருந்தது. மூக்கிலும் வாயிலும் ரத்தம் வழிந்து தலையணை வரை காய்ந்திருந்தது. கதவு சாத்தியிருந்ததே தவிர, உள்தாழ்ப்பாள் போடவில்லை. "போன வாரம் பையன் பணத்துக்குச் சண்டை போட்டுட்டுப் போனான் சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்கு அது போதுமாக இருந்தது.

சந்தேக மரணம் என்று பதிவு செய்தோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 174, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 194. பஞ்சாயத்தாரை வைத்துக்கொண்டு, உடம்பில் கண்ணுக்குத் தெரிவதை உள்ளபடி எழுதி, 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்று பையனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"கடைசியா எப்ப பேசினே?"

"ஞாயித்துக்கிழமை சார்."

"அப்புறம் ஏன் கூப்பிடலை?"

அவன் அழுதான். நான் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எத்தனையாவது முறையோ, ஏட்டு வந்து என் தோளைத் தொட்டு, "ஐயா, டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்து நின்றபோதுதான் புரிந்தது. என் மனைவி இறந்த ராத்திரி நான் பந்தோபஸ்தில் இருந்தேன். போன் அடித்தது. அவள் பெயரைப் பார்த்தும் எடுக்காமல் பையில் போட்டுக்கொண்டேன். மாரடைப்பு என்றார்கள். அதற்கு யார் மேல் கேஸ் எழுதுவது? அந்தப் பையன் கிடைத்தான்.

மறுநாள் கீழ்ப்பாக்கம் பிணவறையில் டாக்டர் சொன்னார்: காயம் எதுவும் இல்லை, இதய ரத்தக்குழாயில் அடைப்பு. வெயிலில் உடம்பு அழுகும்போது உள்ளே வாயு கட்டிக்கொண்டு, ரத்தம் கலந்த நீரை மூக்கு, வாய் வழியாகத் தள்ளிவிடும். பார்ப்பதற்கு அடிபட்ட ரத்தம் போலவே இருக்கும். இது எனக்குத் தெரியாததா? புதிதாக வந்த எஸ்.ஐ.களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று கண்ணெதிரே இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. சரி, உள்ளுறுப்புகளை முறைப்படி மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தோம்.

பையன் பிணவறை வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நேத்து உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது தம்பி."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "ஒரு போன் போட்டிருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா சார்?"

"தெரியலப்பா" என்றேன். "நானும் ஒரு போனை எடுக்காம விட்டுட்டேன்."

அமரர் ஊர்தி வரும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.