பெறுபேறு வந்த பிறகு

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியான வாரத்தில், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேசைக்கு எதிரே அமர்ந்த தம்பி ஒருவர், கணிதத்தில் சித்தியில்லை என்று காட்டிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இனி என்ன செய்யிறது, அக்கா?" என்று கேட்டார். பரீட்சையை மீண்டும் எழுதலாம். அதற்கிடையில் ஓராண்டை வீணாக்க வேண்டியதில்லை. ஒரு தொழிலைக் கற்கலாம். தொழில் திறனுக்கு இலங்கையில் வழங்கப்படும் சான்றிதழ் முறையான தேசிய தொழில் தகைமை (NVQ) 7 மட்டங்களைக் கொண்டது. மின்னிணைப்போ குளிரூட்டி திருத்தமோ கற்று 4ஆம் மட்டச் சான்றிதழ் பெறுபவர், 5, 6ஆம் மட்டங்களில் டிப்ளோமாக்களை முடித்து, 7ஆம் மட்டமான பட்டம் வரை ஏறிச் செல்லலாம். கராஜில் மாமாவுடன் நின்று வேலை பழகியவர்களோ, தமது திறனை மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்துகாட்டியே சான்றிதழ் பெறலாம். இந்த வழியை நம் வீடுகளில் பலர் அறியாதிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: பணம் கட்டுமுன், பாடநெறி எந்த மொழிமூலத்தில் நடக்கிறது என்று கேளுங்கள். சிங்களத்தில் மட்டுமே வகுப்பு என்பது தெரியாமல் சேர்ந்து, இரண்டாம் வாரமே அழுதபடி திரும்பிய பிள்ளையை நான் அறிவேன். தம்பியும் அவருடைய அம்மாவும் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மூவருமாக மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் செல்கிறோம்.