தடைக்காலத்தில் அண்ணன்

ஏப்ரல் 17, 2025, வியாழன்

நேற்று முன்தினம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, 61 நாள், காசிமேட்டிலிருந்து விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வேலை இல்லாமல் அண்ணன் காலையிலேயே குடிக்க உட்கார்ந்துவிடுவார் என்று அண்ணிக்குப் பயம். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ஒரு மாதம் தங்கி வைத்தியம் பார்க்கச் சொல்லும்போதெல்லாம் “பங்கு போயிடும், வீட்ட யாரு பாக்குறது” என்றுதான் தட்டிக்கழித்தார். இப்போது போவதற்கு, மீன் விற்ற பணத்தில் வரும் அந்தப் பங்கே இல்லையே.

ஏப்ரல் 19, சனி

மாதவரம் பக்கம் குடியை நிறுத்த வைக்கும் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லம். மாதம் 18,000, மூன்று மாதப் பணம் முன்கூட்டியே, முதல் மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது. டாக்டர் எப்போது வருவார் என்றால் பதில் இல்லை. 2017 மனநலச் சட்டப்படி இந்த மாதிரி இடங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழைக் கேட்டேன், காட்டவில்லை. அண்ணி கம்மலைக் கழற்றத் தயாராக இருந்தார், நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

“நானே விட்டுடறேன்” என்று ஞாயிறு காலையோடு அண்ணன் நிறுத்தினார். நேற்று முழுக்கக் கை நடுக்கம், வேர்வை, ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பேச்சு குழறும், உயிரே போகலாம் என்றார் டாக்டர். தையமின் என்ற வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, வார்டில் சேர்த்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் ஆளை அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

மே 11, ஞாயிறு

போதை மீட்பு உதவி எண் 14446க்குப் போன் செய்துதான் அண்ணன் இப்போது தங்கியிருக்கும் இந்த மையம் தெரிந்தது. மத்திய அரசு மானியத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்குவதில்லை. அண்ணன் முகம் தெளிந்திருக்கிறது. “கரை ஏறுனதும் காலு தானா கடைப் பக்கம் போகுது, அத இங்க எல்லார் முன்னாடியும் சொல்ல வச்சிட்டாங்க” என்றார்.

சிகிச்சை இலவசம்தான், ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. தடைக்கால நிவாரணம் 8,000, வாடகைக்கே பாதி போய்விடும். மீனவருக்காவது இந்த இரண்டு மாதம் இருக்கிறது, மூட்டை தூக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாம் எந்த மாதத்தில் போய்ப் படுப்பார்கள்? சிகிச்சையில் இருக்கும் நாளுக்கும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நிவாரணம் தர வேண்டும், அதுவரை இலவசம் என்பது பாதி இலவசம்தான்.

ஜூன் 13, வெள்ளி

அண்ணன் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நாளை நள்ளிரவோடு தடை முடிகிறது, ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கையில் பணம் வரும் நாள்தான் ஆபத்து என்று மையத்தில் ஆலோசனை சொல்பவர் சொல்லி அனுப்பியிருந்தார். படகு ஓனரிடம் நான் பேசலாம் என்றிருந்தேன், அண்ணனே போய், பங்கை அண்ணி கணக்கில் போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாத்திரையை உப்புத்தண்ணீர் படாமல் இரண்டு கவரில் சுற்றி, மாற்றுத்துணிக்கு நடுவில் வைத்தேன்.