மோரிக்கோனே: கேட்டுக் குறித்தவை

நவம்பர் 10, 2024, ஞாயிறு

இன்று இத்தாலியத் திரையிசை அமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேயின் பிறந்தநாள். 1928-ல் ரோமில் பிறந்தார். 2020 ஜூலை 6 அன்று ரோமிலேயே மறைந்தார். அப்பா மாரியோ ட்ரம்பெட் கலைஞர். மகனும் சாந்தா செசிலியா இசைக்கல்லூரியில் முதலில் ட்ரம்பெட்டில்தான் தேறினார். பிறகு கொஃப்ரேதோ பெட்ராஸ்ஸியிடம் கம்போசிஷன் பயின்று 1954-ல் முடித்தார். பாட்டு மெட்டுகளுக்காக அவரைக் கொண்டாடுகிறோம். எனக்கு அவருடைய அரேஞ்ச்மென்ட்தான், அதாவது மெட்டை எந்த வாத்தியம் எப்படி எடுக்க வேண்டும் என்று அமைப்பதுதான், பெரிது. மெட்டு எவ்வளவு சின்னதோ, அவ்வளவுக்கு அதை எடுக்கும் வாத்தியத்தில் உழைத்திருக்கிறார். வரும் நாட்களில் அதை மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 11, திங்கள்

அவருடைய பயிற்சிக்களம் ஆர்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ரோம் ஸ்டூடியோ. 1960-ல் ஜான்னி மெச்சியா பாடிய ‘இல் பராத்தோலோ’வில் தகர டப்பா உருளும் சத்தமே தாளத்தோடு சேர்ந்து வரும். 1966-ல் மினா பாடிய ‘சே தெலெஃபொனாந்தோ’ இன்னும் நுட்பம். பல்லவியில் மூன்றே ஸ்வரங்கள் சுற்றிச் சுற்றி வரும், ஆனால் தாளத்தின் அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறு ஸ்வரத்தில் விழும். கையில் தட்டிப் பாருங்கள்: நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் மூன்று ஸ்வரத்தை ஓட்டினால் 12 எண்ணிக்கை கடந்த பிறகுதான் தலை சேரும். அலுப்புத் தட்டாததன் ரகசியம் அந்தக் கணக்குதான்.

நவம்பர் 14, வியாழன்

1964, ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’. இயக்குநர் செர்ஜியோ லியோனே தொடக்கப்பள்ளியில் இவரோடு படித்தவர். டைட்டில் இசை புதிதாகப் போட்டதல்ல. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் ‘பாஸ்ச்சர்ஸ் ஆஃப் பிளென்டி’ பாட்டை பீட்டர் டெவிஸ் பாட, அதற்கு மோரிக்கோனே ஏற்கெனவே அரேஞ்ச்மென்ட் செய்திருந்தார். சாட்டைச் சொடுக்கு, மணி, கோரஸ் எல்லாம் அதிலேயே உண்டு. அதைக் கேட்ட லியோனேவுக்கு அந்தப் பின்னணியே வேண்டும் என்றாகிவிட்டது. பாடகரை எடுத்துவிட்டு, காலியான இடத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனியின் சீட்டியை வைத்தார் மோரிக்கோனே.

சீட்டி எடுபடக் காரணம், அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் வறண்ட, சட்டென்று அறுபடும் சத்தங்கள். மேடைக் குழுக்கள் இதை வாசிக்கும்போது கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் பேடை (வயலின் கூட்டம்போல் நீண்டு ஒலிக்கும் சத்தம்) அழுத்திப் பிடித்து அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறார்கள். சீட்டி அதில் மூழ்கிப்போகும்.

நவம்பர் 17, ஞாயிறு

‘தி குட், த பேட் அண்ட் த அக்லி’, 1966. கொயோட்டி என்ற அமெரிக்கக் காட்டு ஓநாயின் ஊளையிலிருந்து எடுத்த துணுக்கு. இரண்டே ஸ்வரம்: டி மைனரில் ஏ, மேல் டி. நம் கணக்கில் ப–ஸ–ப–ஸ–ப. மூன்று பாத்திரங்களுக்கும் அதே துணுக்குதான், வாத்தியம்தான் வேறு. பிளாண்டிக்குப் புல்லாங்குழல், ஏஞ்சல் ஐஸுக்கு ஒகரினா (மண்ணால் செய்த சிறு ஊதல்), டூக்கோவுக்கு மனிதக் குரல். திரையில் ஆள் வரும் முன்பே யாரென்று காது சொல்லிவிடும்.

வாசிப்பவர்களுக்கு: முதல் நான்கு ஸ்வரங்களும் ஒரே மூச்சில் உதறினாற்போல் விழ வேண்டும், ஐந்தாவதில்தான் நிற்க வேண்டும். ஐந்தையும் சம அளவில் நிதானமாக வாசித்தால் காலிங் பெல் ஆகிவிடும். கீபோர்டில் வரும் ஒகரினா சாம்பிளில் சுருதி ஆடாமல் நிற்பதால் ஊளை வராது. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலைக் கொஞ்சம் அசைத்தாக வேண்டும்.

இசைக்குழுவை நடத்தியவர் புரூனோ நிகோலாய். மோரிக்கோனே பியானோ பக்கம் போகாமல், மேசையில் உட்கார்ந்து எல்லா வாத்தியத்துக்கும் முழு ஸ்கோரைத் தானே எழுதுவார். வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் ஆர்கெஸ்ட்ரேஷனை வேறொருவரிடம் கொடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. துணுக்கு ஒரு வரி என்றாலும் அதன் நிறம் அவர் கையில்தான் இருந்தது.

நவம்பர் 23, சனி

‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968) படத்தின் முக்கிய இசையைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிப் பதிவு செய்து, செட்டில் ஒலிக்கவிட்டு நடிக்க வைத்தார் லியோனே. ரயில் நிலையத்திலிருந்து நாயகி கிளாடியா கார்டினாலே வெளியே வரும்போது கேமரா கிரேன் மேலே ஏறுவது பாடகி எட்டா டெல்லோர்ஸோவின் குரலைப் பின்பற்றித்தான்.

இதில் சிக்கல் எடிட்டிங்கில் வரும். நொடிக்கு 24 ஃப்ரேம். டெம்போ 60, அதாவது நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 24 ஃப்ரேம். 72 என்றால் 20. 72-ல் ஓடும் இசையோடு ஒட்டி எடுத்த காட்சியில் இரண்டு நொடி வெட்டினால் போவது 48 ஃப்ரேம், அதாவது 2.4 தட்டு. அதற்கப்புறம் எந்த அசைவும் தட்டில் உட்காராது. 40 அல்லது 60 ஃப்ரேமாக வெட்டினால் தப்பிக்கலாம், அப்போதும் மெட்டு இடையில் உடையும். லியோனேயின் நீண்ட ஷாட்டுகளுக்கு அழகுணர்ச்சியோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

‘தி மிஷன்’, 1986. இங்கே நிலைமை தலைகீழ். பாதிரியாராக ஜெரமி அயன்ஸ் ஓபோ என்ற மரக்குழல் வாசிக்கும் காட்சி முன்பே எடுத்தாகிவிட்டது. அவர் விரல் அசைவுக்குப் பொருந்தும்படி மெட்டு எழுத வேண்டியிருந்தது. கதை நடப்பது 1750-கள், ஆகவே அக்கால ஐரோப்பிய இசையின் சிறு அலங்கார ஸ்வரங்களைக் கொண்டு விரல்களுக்கு வேலை கொடுத்தார். ஓபோ, தேவாலயக் கோரஸ், பழங்குடியினரின் தாளம் ஆகிய மூன்றும் படத்தில் தனித்தனியே வளர்ந்து கடைசியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கும். முதலில் மூன்றையும் தனியாகக் கேட்டுவிட்டு அங்கே வாருங்கள். ஒன்று கூட மற்றொன்றுக்காக வளைந்து கொடுக்கவில்லை என்பது தெரியும். இதற்கு ஆஸ்கர் கொடுக்காதது அநியாயம்.

நவம்பர் 30, சனி

ஆஸ்கர் போட்டியில் வென்றது ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்துக்கு, 2016-ல், 87 வயதில். கௌரவ ஆஸ்கர் 2007-லேயே வந்துவிட்டது. பதிவு நடந்தது பிராகில், செக் தேசிய சிம்ஃபனி இசைக்குழுவோடு. 1982-ல் ‘தி திங்’ படத்துக்கு எழுதிப் பயன்படாமல் கிடந்த சில பகுதிகளும் இதில் இடம்பெற்றன.

தொடக்க இசையின் கனம் பஸூன், கான்ட்ராபஸூன் என்ற கனத்த குரல் கொண்ட இரண்டு ஊதுகுழல்களிலும் இருக்கிறது. கான்ட்ராபஸூனின் அடிமட்ட ஸ்வரம் ஏறக்குறைய 29 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரில் அந்த அடித்தளமே வராது, மேலே ஸ்ட்ரிங்ஸின் சுழற்சி மட்டும் கேட்கும். நல்ல ஹெட்போன் போட்டு, பேஸ் பூஸ்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பூஸ்ட் இருந்தால் டிம்பனி முரசும் பஸூனும் ஒன்றாகக் குழம்பிவிடும்.