முதலாளி பெயரில் ஒரு ஊர்

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்இயர்பியன், ஒரு அமெரிக்க நிலக்கரி முதலாளியின் பெயரைச் சுமக்கும் ஊர். மிச்சிகன்காரர் ஜான் மன்ரோ லாங்இயர் 1901-இல் சும்மா சுற்றிப் பார்க்கப் போனவர். 1906-இல் அங்கே சுரங்கமே தோண்ட ஆரம்பித்துவிட்டார். அப்போது அந்தத் தீவுகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, கேட்க ஆளில்லை! ஊருக்கும் 'லாங்இயர் சிட்டி' என்றே பெயர்.

1916-இல் சுரங்கம் நார்வே நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1925-இல் தீவுகளே நார்வேயின் ஆட்சிக்குள் வந்தன. சரி, இனி பெயரை மாற்றுவார்கள்தானே? மாற்றினார்கள், 1926-இல். 'சிட்டி'யை எடுத்துவிட்டு, அதே அர்த்தத்தில் நார்வே மொழியின் 'பியன்' சேர்த்தார்கள். முதலாளி அப்படியே இருந்துவிட்டார்! 1943-இல் ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஊரைக் கிட்டத்தட்டத் தரைமட்டமாக்கியபோதும் அந்தப் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.