இராத்திரி இரண்டு மணி, டார்ச் லைட்

எனக்கு ஆசையெல்லாம் கறுப்பு வெள்ளை ஃபிரிசியன் மேல்தான். பால் டின்னில் படம் போட்டிருப்பார்களே, அந்த மாடு. மலேசியாவில் குளுவாங் பக்கம் தோட்டத்தை விட்டு வந்தபோது அப்பா ஓட்டி வந்த மாடுகளின் வம்சத்தில் ஒன்றுதான் என்னிடம் மிச்சம். மூன்று லிட்டர் கறந்தாலே பெரிய விஷயம். தாத்தா காலத்து இந்த மாடுகளுக்கு அரசாங்க ஏட்டில் ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்று பெயராம். நாங்கள் நாட்டு மாடு என்போம், அவ்வளவுதான்.

சினை ஊசி போட வந்தவரிடம் ஃபிரிசியன் கேட்டேன். சிரித்தார்.

“குளிர்நாட்டு மாடுண்ணே. நம்ம வெயிலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டு நிக்கும். உண்ணி வேற.”

அதற்காகத்தான் ஃபிரிசியனும் பஞ்சாப் சாகிவாலும் கலந்த மாடுகளை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கொண்டுவந்து, இங்கேயே பெருக்கி ‘மாஃப்ரிவால்’ என்று பெயர் வைத்தார்கள். ஃபிரிசியன் பாலுக்கு, சாகிவால் வெயிலுக்கும் உண்ணிக்கும். சரி, அதையே போடுங்கள் என்றேன்.

இனத்தை முடிவு செய்வது ஒரு டீ குடிக்கிற வேலை. நேரம் பிடிப்பதுதான் பாடு. பருவம் வந்து காலையில் மாடு கத்தினால் அன்று சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. முதல் தடவை காலையிலேயே போன் போட்டேன். மறுநாள் மதியம்தான் ஆள் வந்தார். பிடிக்கவில்லை. 21 நாள் கழித்து மறுபடி பருவம் வர வேண்டும். கத்தவே இல்லை. ஒரு நாள் சாணி அள்ளும்போது பார்க்கிறேன், வாலில் காய்ந்த இரத்தக்கறை. பருவம் வந்து போய் இரண்டு மூன்று நாளாகிவிட்டது! நாட்டு மாடுகளுக்கு இது பழக்கம். சத்தமில்லாமல் இராத்திரியில் வந்துவிட்டுப் போகும்.

அடுத்த முறை 19ஆம் நாளிலிருந்தே டார்ச் லைட்டோடு கொட்டகைக்குப் போனேன். மனைவி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மூன்றாவது இராத்திரி, இரண்டு மணிக்கு, பக்கத்து மாடு மேலே ஏற அசையாமல் நின்றது. விடிந்ததும் போன், மதியத்துக்குள் ஆள் வந்துவிட்டார். புகை கக்கும் நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஈர்க்குச்சி மாதிரி ஒரு விந்துக் குழாயை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, ஊசிக் கம்பியில் மாட்டி, சூடு ஆறாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மைனஸ் 196 டிகிரியில் கிடந்தது, இப்போது அவர் வயிற்றுச் சூட்டில்.

மூன்று மாதம் கழித்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சினை என்றார். ஊசி போட்டு ஒன்பது மாதமும் சொச்ச நாளும் கழித்துக் கிடாரி பிறந்தது. செவலை, சின்னத் திமில், ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. கறவை மெஷினும் வாங்கி வைத்தேன். தாய்க்காரியோ கன்று முட்டினால்தான் பாலை விடுகிறாள். மெஷின் ஸ்டோரில் கிடக்கிறது. கிடாரிக்கு இப்போது 16 மாதம். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுவிட்டேன்.