ராஜாவுக்கும் தெரியாதாம்! கொரிய அரண்மனை த்ரில்லர் பார்க்கிறவங்களுக்கு

ராஜா ராணி படம்னாலே பெரிய செட்டு, ஆயிரம் குதிரை, கிராபிக்ஸ்ல ஒரு கோட்டை, நடுவுல ஹீரோ வாளை உருவிட்டு ஒரு பஞ்ச் டயலாக்னு பழகிப்போச்சு நமக்கு. அது பிடிக்காதுன்னு சொல்ல வரல, முதல் நாளே போய் விசிலடிக்கிற ஆளுதான் நானும், ஆனா சரித்திர த்ரில்லர்னு வந்துட்டா கொரியாக்காரங்க எடுக்குறதே தனி. அங்க போர்க்களம் கம்மி, கதவு ஜாஸ்தி. காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிக்குறாங்க, இந்தப் பக்கம் பேசிட்டிருக்கிறவனுக்கு தொண்டை வறண்டு போகுது, அவ்ளோதான் சீன், நமக்கு சோபா நுனிக்கு வந்தாச்சு.

2022ல வந்த 'தி நைட் அவுல்' பத்திதான் சொல்லணும். கதை நடக்குறது 1645ல, ஜோசான் ராஜ்யத்துல, அதாவது அந்தக் கால கொரியாவுல. ராஜா பேரு இன்ஜோ, பட்டத்து இளவரசன் சோஹியான். வடக்க இருந்து படையெடுத்து வந்த மஞ்சுக்காரங்ககிட்ட ராஜா தோத்துப்போனதுல, பையனை பிணையா அவங்க ஊரான ஷென்யாங்குக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்க, எட்டு வருஷம் அங்கயே இருந்துட்டு திரும்பி வர்றான், வந்து ரெண்டு மாசம் தாண்டினதும் செத்துப்போறான். மலேரியா மாதிரி ஜுரம், அக்குபஞ்சர் ஊசி குத்தினாங்க, ஆள் காலி. வயசு 33. இவ்வளவும் வரலாறு.

படம் இதுல முக்கியமா சேர்த்தது ஒரு கற்பனை ஆளை. அரண்மனைல புதுசா வேலைக்கு சேர்ந்த அக்குபஞ்சர்காரன், எல்லாரும் அவனை குருடன்னு நினைக்கிறாங்க, ஆனா அவனுக்கு வெளிச்சத்துலதான் கண்ணு தெரியாது, இருட்டுல மங்கலா தெரியும். தலைமை வைத்தியர் இளவரசனுக்கு ஊசி குத்திட்டிருக்கார், இவன் பக்கத்துல உதவிக்கு, விளக்கு அணைஞ்சுடுது, இவன் பார்த்துடுறான். கண்ணு, காது, மூக்கு, வாய் எல்லாத்துலயும் ரத்தம், வைத்தியர் அசராம தன் வேலையை பார்த்துட்டிருக்கார். கத்தவும் முடியாது, முகத்தை திருப்பவும் முடியாது, ஏன்னா குருடன் எதுக்கு முகத்தை திருப்பணும்? அந்த ஒரு சீனுக்காகவே ரெண்டாவது தடவை பார்த்தேன்.

அந்த ரத்தம் டைரக்டர் பயமுறுத்துறதுக்காக வச்சதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. கிடையாது. ஜோசான் அரச குறிப்புகள்லயே இருக்கு. பிணத்துக்கு துணி சுத்துற சடங்குல இருந்த ஒரு சொந்தக்காரர் வெளிய வந்து சொன்னதா எழுதியிருக்காங்க: உடம்பு முழுக்க கருப்பா இருந்துச்சு, முகத்துல ஏழு துவாரத்துலயும் ரத்தம், முகத்துல பாதியை கருப்புத் துணி போட்டு மூடியிருந்தாங்க, விஷம் குடிச்சு செத்தவன் மாதிரி இருந்தான்னு. இதோட விட்டிருந்தா கூட பரவால்ல. அதுக்கு அடுத்து ஒரு வரி, இது வெளியாளுங்க யாருக்கும் தெரியாது, ராஜாவுக்கும் தெரியாதுன்னு. யப்பா! பெத்த புள்ள கருத்துப்போய் கிடக்கான், அப்பனுக்கு தெரியாதாம். இந்த குறிப்பை தொகுத்தது இன்ஜோ செத்த பிறகு, ஹ்யோஜோங் ஆட்சில. யாரு ஹ்யோஜோங்? செத்தவனோட தம்பி. சோஹியானுக்கு பையனுங்க இருந்தும் பட்டம் இவருக்குத்தான் வந்துச்சு. இப்போ அந்த வரியை திரும்ப படிச்சுப் பாருங்க.

அந்தக் கால ஜோசான்ல குறிப்பு எழுதுறவங்களை ராஜாவாலயே சுலபமா ஒண்ணும் பண்ண முடியாது, ஆட்சில இருக்கிற ராஜா தன்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பார்க்கக்கூடாது, செத்த பிறகுதான் தொகுப்பே நடக்கும். 1404ல டேஜோங்னு ஒரு ராஜா வேட்டைக்குப் போன இடத்துல குதிரைல இருந்து விழுந்துட்டார், எழுந்ததும் முதல்ல சொன்னது, குறிப்பு எழுதுறவனுக்கு இது தெரியக்கூடாதுன்னு. அவன் அதையும் சேர்த்து எழுதி வச்சுட்டான் :) இப்படி எழுதுற ஊர்லயே 'தெரியாது'ன்னு ஒரு வரி வந்தா கதை எழுதுறவனுக்கு அதை விட வேற என்ன வேணும்.

இன்ஜோவா நடிச்சது யூ ஹே-ஜின். இவரை காமெடி ரோல்ல பார்த்து சிரிச்சவங்கதான் ஜாஸ்தி, அதனாலயோ என்னவோ இதுல முகம் ஒரு பக்கம் கோணிப்போய் உட்கார்ந்திருக்கும்போது பயமா இருக்கு. வில்லன்னு பார்க்க முடியல, பயந்துபோன கிழவன். அந்த பயம் எங்கருந்து வந்துச்சுன்னு தெரியணும்னா 2017ல வந்த 'தி ஃபோர்ட்ரஸ்' பார்க்கணும், 'ஸ்க்விட் கேம்' எடுத்த ஹ்வாங் டோங்-ஹ்யூக் படம். அதே இன்ஜோ, ஒன்பது வருஷம் முன்னாடி, 1636 குளிர்காலம், மலைக்கோட்டைக்குள்ள 47 நாள் முற்றுகைல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். சரணடைஞ்சு உயிரை காப்பாத்தலாம்னு ஒரு மந்திரி, செத்தாலும் மண்டியிடக்கூடாதுன்னு இன்னொரு மந்திரி, ரெண்டு பேரும் நல்லவங்க, ரெண்டு பேர் சொல்றதும் நியாயம், அதுதான் அந்தப் படத்தோட டென்ஷனே. குளிருக்கு சிப்பாய்ங்க போர்த்தியிருந்த வைக்கோல் பாயை பிடுங்கி குதிரைக்கு தீனி போடுறாங்க, குதிரையும் சாகுது, அப்புறம் அதை வெட்டி சாப்பிடுறாங்க. கடைசில ராஜா மஞ்சு பேரரசர் முன்னாடி மூணு தடவை மண்டியிட்டு ஒன்பது தடவை தலையை தரைல வைக்கணும். அப்படி குனிஞ்ச மனுஷன், தன் புள்ள அதே எதிரிகிட்ட நல்ல பேரோட திரும்பி வந்தா எப்படி பார்ப்பான்? நம்மளை இறக்கிட்டு இவனை உட்கார வச்சுடுவாங்களோன்னுதான தோணும்.

'நைட் அவுல்'ல குறை இல்லாம இல்ல. ரெண்டாவது பாதில ஓட்டம் கொஞ்சம் ஓவர், சுவர் ஏறுறது, ஒளியுறதுன்னு சாதா த்ரில்லர் ஆயிடுது. கிளைமாக்ஸும் எனக்கு ஒட்டல, வரலாறு கொடுக்காத நியாயத்தை படம் பிடிவாதமா கொடுக்கப் பார்க்குது, தியேட்டர்ல கைதட்டு வரும்தான், ஆனா நிஜத்துல நடந்தது வேற. ஊசி குத்தின வைத்தியரை ராஜா தண்டிக்கவே இல்ல. அடுத்த வருஷம் சோஹியான் மனைவி காங் மேல, ராஜா சாப்பாட்டுல விஷம் வச்சாங்கன்னு பழி போட்டு, அந்தம்மாவுக்கே விஷம் கொடுத்து கொன்னாங்க. மூணு பசங்களை ஜெஜு தீவுக்கு நாடு கடத்தினதுல ரெண்டு பேர் அங்கயே செத்தாங்க. என்னைக் கேட்டா இளவரசன் கதையை விட இந்தம்மா கதைதான் பெரிய த்ரில்லர்.

பார்க்கிறதா இருந்தா 'ஃபோர்ட்ரஸ்' முதல்ல, 'நைட் அவுல்' அடுத்து. டப்பிங் வேண்டாம், சப்டைட்டில் போட்டு பாருங்க. நைட்ல, லைட்டை ஆஃப் பண்ணிட்டு, ஏன்னா பாதி படம் இருட்டுலதான் ஓடுது, பகல்ல ஜன்னலை திறந்து வச்சுட்டு பார்த்தா டிவில உங்க மூஞ்சிதான் தெரியும்.