கச்சானும் கட்டாக் கருவாடும்

"மலருக்கு ஒரு கட்டுரை தாங்கோ, பள்ளிக்கூட நினைவு ஏதாவது" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்ட அன்று இங்கே ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. பகிடி இல்லை. அல்ப்ஸ் மலையின் தெற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வடக்குப் பள்ளத்தாக்குகளில் காய்ந்து சூடாகி இறங்குகிற காற்றுக்குச் சுவிஸ்காரர் வைத்த பெயர் அது. தலைமயிர் காயவைக்கிற மெசினுக்கும் அதே பெயர்தான். நம்முடைய வீடுகளில் "ஃபோன் அடிக்குது" என்று யாராவது சொன்னால், ஓடிப்போய் எடுப்பதா, ஜன்னலைச் சாத்துவதா என்று ஒரு கணம் யோசிக்கவேண்டியிருக்கிறது.

இங்குள்ளவர்களுக்கு இந்தக் காற்றில் ஒரு பயம் உண்டு. 1861 இல் கிளாருஸ் பட்டணம் எரிந்து சாம்பலானது இது அடித்த இரவில்தான். என்னோடு சமையலறையில் வேலைசெய்கிற கிழவர் இந்தக் காற்று அடிக்கிற நாளில் தலையிடிக் குளிசை போட்டுவிட்டுத்தான் வெங்காயத்தைத் தொடுவார். எனக்குத் தலையிடி வருவதில்லை, பசிதான் வரும். அதுவும் ரொட்டிக்கும் சுட்ட கருவாட்டுக்குமான பசி. அதற்குக் காரணம் 1980 ஆகஸ்ட் விடுமுறையும் எங்கள் புவியியல் மாஸ்டரும்.

திருகோணமலையில் ஆகஸ்ட் எப்படியிருக்கும் என்று இந்த மலரை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கச்சான். (தின்கிற கச்சான் அல்ல, காற்று; பிள்ளைகள் வாசித்தால் குழம்புவார்கள்.) காலை பத்து மணிக்கே ரோட்டுத் தார் இளகும். மேற்கிலிருந்து வருகிற காற்று கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போடும். கோட்டைக்குள் மான்கள் மரநிழலை விட்டு அசையா. கடல் மட்டும் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். "இந்தக் கச்சான் எப்ப விடுமோ" என்று வீட்டுக்கு வீடு அம்மாமார் சலித்துக்கொள்வார்கள். கருவாடு போடுகிறவர்கள் மட்டும் சலிக்கமாட்டார்கள். அந்தக் காற்றில் கிழித்துப்போட்ட கட்டா மீன், நாலைந்து நாளில் விறகுபோல ஆகிவிடும்.

ஊரின் பெயரிலேயே மலை இருந்தாலும் எங்களுக்குத் தெரிந்த மலை கோணேசர் மலை ஒன்றுதான். கோட்டை வாசலில் கதைக்கத் தொடங்கிய கதை முடியுமுன் உச்சிக்குப் போய்விடலாம். அதற்கு மேலான உயரமெல்லாம் பாடப் புத்தகத்தில்தான் இருந்தது.

எங்கள் வகுப்பில் ஒருவனுக்குத் தாய்வழி ஊர் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம். தகப்பன் திருகோணமலையில் ஒரு கடையில் வேலை. அவனை நாங்கள் 'தேயிலை' என்றுதான் கூப்பிடுவோம். அவன் "ஒக்காரு" என்றால் சிரிப்போம். "இரு" என்றல்லவா சொல்லவேண்டும் என்பது எங்கள் எண்ணம். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனுக்கு அது சிரிப்பாக இருந்ததா என்று அந்த வயதில் எங்களில் எவன் யோசித்தான்? மாஸ்டர் யோசித்திருக்கவேண்டும். மழை மறைவுப் பிரதேசம் என்ற பாடத்தை மூன்று தரம் நடத்தியும் ஒருத்தனுக்கும் ஏறவில்லை, ஆகவே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டப்போகிறேன் என்று அதிபரிடம் சொன்னார். எட்டுப் பேரைத் திரட்டினார். தங்குவது தேயிலையின் அம்மாயி வீட்டில் என்று முடிவாயிற்று. பாடத்துக்காக மட்டும்தான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தார் என்று இப்போது என்னால் நம்பமுடியவில்லை.

"வெறுங்கையோட போகக்கூடாது" என்று அம்மா ஐந்து றாத்தல் கட்டாக் கருவாட்டைப் பேப்பரில் சுற்றி, பன் புல்லில் பின்னிய பையில் வைத்துத் தந்தா. இ.போ.ச. பஸ்ஸில் ஏறினதுமே மணம் பரவிவிட்டது. கந்தளாய் வருமுன் கொண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பையைக் கூரைக்கு ஏற்றச் சொன்னார். மாஸ்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று கண்டி மட்டும் பை மாஸ்டரின் காலுக்குள்ளேயே வந்தது.

கண்டியில் ஓர் இரவு. மறுநாள் பேராதனைச் சந்தியில் பதுளை ரயில், மூன்றாம் வகுப்பு. நாவலப்பிட்டி கழிய மழை பிடித்தது. ஹற்றனில் ஜன்னல் எல்லாம் இறக்கி, உள்ளே மூச்சு முட்டியது. வடை விற்பவரிடம் வாங்கிய பருப்பு வடை எனக்கு யாரோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாளில் சுற்றிக் கிடைத்தது. நூற்றுக்கு 38. எனக்கு அந்தப் பிள்ளையில் ஒரு பாசம் வந்தது. பட்டிப்பொலையில் 6226 அடி என்று பலகை. இலங்கை ரயில் பாதையில் அதற்கு மேல் உயரம் இல்லை. அங்கேயும் மழைதான்.

அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வருகிறது. அதற்குமுன் மாஸ்டர் எழும்பி நின்றார்.

"டேய், ஜன்னலைத் திறவுங்கோடா. இப்ப பாருங்கோ."

இருட்டுக்குள் ரயில் புகுந்து கரிப்புகை மணத்தோடு வெளியே வந்தபோது அந்தப் பக்கம் வெயில். புல் காய்ந்திருந்தது. முகத்தில் அடித்த காற்றில் துளி ஈரமில்லை. குளிராக இருந்தாலும் அந்தக் காற்றை எனக்குத் தெரிந்திருந்தது. தெருவில் எதிர்ப்படும் ஆளை, உடுப்பு மாறியிருந்தாலும் நடையில் பிடிப்பதுபோல.

"இது ஆர் எண்டு தெரியுதோ?"

"எங்கட கச்சான், சேர்."

"அதேதான். ஈரத்தையெல்லாம் ஹற்றன் பக்கம் இறக்கிப்போட்டு வாறார். இனி ஆயிரம் மீற்றர் இறங்கினா பத்துப் பாகை சூடேறும். அப்படியே இறங்கிப்போய் உங்கட கொம்மாவின்ர கருவாட்டைக் காயப்போடுறார்."

பாடம் அவ்வளவுதான். பிறகு ஆறு நாளும் அவர் புத்தகத்தைத் தொடவில்லை.

அம்மாயியின் வீடு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒரு காம்பிரா, ஒரே அறை. முன்னால் இஸ்தோப்பு, அதில் ஒரு வாங்கு. "வாங்க தம்பி, ஒக்காருங்க" என்றா. நாங்கள் எட்டுப் பேரும் ஒக்கார்ந்தோம். ஒருத்தனும் சிரிக்கவில்லை. அவ்வளவு பேருக்கு அங்கே இடமில்லாததால் இரவில் சும்மா கிடக்கிற பிள்ளைக் காம்பிராவைத் திறந்துவிட்டார்கள். பகலில் கைக்குழந்தைகளைத் தூங்கப்போடுகிற இடம். பால் மணத்துக்குள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பதினைந்து வயதுத் தடியன்கள் வரிசையாகப் படுத்தோம்.

சாப்பாட்டைச் சொல்லவேண்டும். இத்தனை வருடம் ஹோட்டல் குசினியில் நின்றவன் என்ற உரிமையோடு சொல்கிறேன், அம்மாயியின் அடுப்பில் வீணான அசைவு ஒன்றும் இல்லை. கோதம்பை மாவில் துருவின தேங்காயையும் உப்பையும் போட்டு, தண்ணீரைக் கையாலேயே அளந்து தெளிப்பா. பிசைந்த மாவை உருட்டி, ஈரக் கையால் தட்டித் தகரத்தில் போடுவா. அது உப்பிக் கருகல் புள்ளி விழுகிற நேரத்துக்குள் அம்மியில் காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் அரைபட்டுவிடும். கட்டச் சம்பல். முதல் வாயிலேயே மூக்கும் கண்ணும் ஒழுகும். குளிருக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

எங்கள் கருவாட்டைக் குழம்பு வைப்பா என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. கழுவி, துணியில் ஒற்றி, தணலின் மேலேயே நேராக வைத்தா. உப்பு வெள்ளையாகப் பொரிந்து வெளியே வந்தது. திருப்பிப் போட்டு, தோலை உரித்து, பச்சை மிளகாய் வெங்காயத்தோடு உரலில் இரண்டு குத்து, பிறகு தேசிக்காய்ப் புளி. அதை ரொட்டிக்குள் வைத்து மடித்துத் தந்தா. கருவாட்டு மணத்துக்கு லயத்தின் பத்து வாசலிலும் தலை தெரிந்தது. அம்மாயி ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு துண்டு அனுப்பினா. பஸ்ஸில் கொண்டக்டர் மூக்கைப் பிடித்த சாமான் அது.

பருப்பு அவிய அங்கே நேரம் எடுக்கும். நாலாயிரத்தைந்நூறு அடிக்கு மேல் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும் என்று மாஸ்டர் விளக்கம் சொன்னார். அம்மாயி அதைக் கேட்டுத் தலையாட்டினா. ஆனால் பருப்பை முதல்நாள் இரவே ஊறப்போட்டிருந்தா.

விடிய எழும்பினால் லயத்துக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும். கரட்டைப் பிடுங்கி, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் கழுவி அப்படியே கடித்தால் பல் கூசும். அந்தப் பீலியில்தான் குளிப்பும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் ஏழு வாளி மாற்றி மாற்றி ஊற்றி வளர்ந்த உடம்பு எங்களுடையது. முதல்நாள் பீலிக்குக் கீழே நின்றபோது என் வாயிலிருந்து வந்த சத்தத்துக்குக் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும்வரை முகம் கழுவுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

தேயிலைத் தொழிற்சாலைக்கும் போனோம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, வறண்டு ஒரு கிலோ தூளாகிறது. எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்த டீ மேக்கர் ஒரு கோப்பையை மூக்கருகே நீட்டி, "கச்சான் அடிக்கணும் தம்பி, அப்பத்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம். ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர், அவ்வளவுதான். காத்துல செடி காய்ஞ்சு கஷ்டப்படணும்" என்றார். நோவெண்ணெய் போல ஒரு குளிர்ந்த காரம் அந்த மணத்தில் இருந்தது. எங்கள் ஊர்ச் சொல்லை அங்கே ஓர் அந்நியர் வாயில் கேட்டபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தத் தேயிலை ஏலத்துக்குப் போனது. லயத்தில் குடித்தது தூசித் தூள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடித்த அந்தச் சாயத்தண்ணி எனக்குக் குறைவாகப் படவில்லை. ஆனால் மாஸ்டர் இரண்டையும் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

ஐந்தாம் நாள் இரவு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அடுப்படியில் குந்தியிருந்தோம். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புகிற 1964 ஒப்பந்தப்படி அம்மாயிக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. ரயிலில் தலைமன்னார், அங்கேயிருந்து கப்பலில் இராமேஸ்வரம். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டா, "நீங்க கடக்கரைப் புள்ளைங்கதானே தம்பி. கடலு எப்புடி இருக்கும்? நான் பாத்ததே இல்ல."

நாங்கள் விட்டோம் கதை. ஒருவன் திமிங்கிலத்தைக் கொண்டுவந்தான். இன்னொருவன் மார்கழிக் கடலைக் கொண்டுவந்தான். நான்தான் பெரிய புளுகன். கோணேசர் மலை உயரத்துக்கு அலை வரும், கப்பல் அப்படியே நட்டுக்குத்தாக நிற்கும், பிடிக்கக் கம்பி இல்லாவிட்டால் ஆள் சரி என்றேன். அம்மாயியின் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. தன் பேரனைப் பார்த்தா. தேயிலை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் இருட்டோடு எழும்பி லிப்டன் இருக்கைக்கு நடந்தோம். தொமஸ் லிப்டன் 1890 இல் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கியபின் தன் தேயிலையைப் பார்க்க வந்து உட்காருகிற இடமாம். ஒன்பது மணிக்குப் பிறகு முகில் மூடிவிடும், அதற்குள் போகவேண்டும். மடியில் ரொட்டி, போத்தலில் சாயத்தண்ணி. உச்சியில் காற்று சட்டையைப் பிடுங்கியது. கீழே தெற்கே தரை விரிந்து விரிந்து போய், கடைசியில் ஒரு வெள்ளிக் கோடு. கடல் என்றார் மாஸ்டர். குளமாக இருக்கும் என்றான் ஒருவன். திருகோணமலைப் பெடியன்களுக்குக் கடல் எது குளம் எது என்று தெரியாமல் கால்மணி நேரம் சண்டை நடந்தது. வெயில் ஏறக் கோடு அகன்றது. கடல்தான்.

தேயிலை தனியாக நின்றான். "அம்மாயி இந்த மலையில முப்பது வருசமாக் கொழுந்து எடுக்குது" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பிவந்து அவவிடம் சொன்னோம், மேலேயிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது என்று. "அங்கிட்டு எங்க தம்பி பாக்குறது? கையி கொழுந்துல, கண்ணும் கொழுந்துல. தலையத் தூக்குனா கங்காணி சத்தம் போடுவாரு" என்றா. பாக்குநீரிணை அப்படியொன்றும் மோசமில்லை, முந்தின இரவு சொன்னது பொய் என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பையைக் கட்டினேன்.

பன் பை இப்போது லீக்ஸும் கரட்டும் ஒரு பொட்டலம் தூளுமாக இருந்தது. கந்தளாயில் ஜன்னலுக்குள்ளால் சூட்டுக் காற்று பாய்ந்தது. வீட்டுக்கு வரும்போது லீக்ஸ் துவண்டுவிட்டது. "நாசமாப்போன கச்சான்" என்றா அம்மா. நான் காற்றுக்காகப் பரிந்து கதைத்தேன், ஒருவருக்கும் விளங்கவில்லை.

அடுத்த வருடம், பரீட்சை நெருங்குகிற நாளொன்றில், தேயிலை இடைவேளைக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு நீலக் கடிதத்தை நீட்டினான். இந்திய முத்திரை. யாரையோ கொண்டு எழுதுவித்திருக்கிறா. அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இப்படி இருந்தது: "அந்த ஒசரமான தம்பிகிட்ட சொல்லு. கடலு நம்ம கொளம் மாதிரி கெடந்துச்சு. அவரு குடுத்ததுல கருவாடு மட்டுந்தான் நெசம்."